ஃபேடர் நகர்ந்த தடம் எங்கே போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கும்பகோணத்தில் 19 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று வீடியோ எடிட்டிங் செய்துவருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன. நான் செய்த மாற்றம் எங்கே பதிவாகிறது? மென்பொருள் தானாக எழுதும் கோப்புகள் எங்கே போய் உட்காருகின்றன? அதனால் ஒலி ஆட்டோமேஷனையும் (நாம் செய்த ஒலி ஏற்ற இறக்கத்தை மென்பொருள் பதிந்துவைத்துத் தானே திரும்பச் செய்வது) கோப்பு அமைப்புகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் அதிகம் பேர் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்திருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது.

தேனி வாசகர்: *மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவுக்கு ஆடியோ டிராக் மிக்ஸரில் ஃபேடரை நகர்த்தி நகர்த்தி அருமையாக மிக்ஸ் செய்தேன். பிறகு மாப்பிள்ளை வீட்டார் கேட்டதால் ஆரம்பத்தில் நான்கு நிமிடத்தை வெட்டினேன். இப்போது கெட்டிமேளத்தில் சத்தம் ஏறுகிறது, அதற்குப் பின்னால் வரும் பேச்சு கிசுகிசுக்கிறது. சாஃப்ட்வேரில் கோளாறா?*

கோளாறு இல்லை. நீங்கள் செய்த மிக்ஸ் அப்படியே பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதுதான் சிக்கல்.

டைம்லைனில் ஒலியின் அளவு இரண்டு இடங்களில் பதிவாகலாம். ஒன்று கிளிப்பின் (வெட்டிவைத்த துண்டின்) மேல், இன்னொன்று டிராக்கின் (துண்டுகள் வரிசையாக நிற்கும் பட்டையின்) மேல். கிளிப்பின் மேல் இருப்பது கிளிப்போடு போகும், வரும். டிராக்கின் மேல் இருப்பது நேரத்தோடு கட்டப்பட்டது. டிராக் மிக்ஸரில் ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் நகரும் பொத்தானை, நகர்த்தினால் ஒவ்வொரு அசைவும் டிராக்கின் மேல்தான் கீஃப்ரேமாக (இந்த நேரத்தில் இந்த அளவு என்று குறிக்கும் புள்ளியாக) எழுதப்படுகிறது. அதாவது, 52-ஆவது நிமிடத்தில் சத்தத்தைக் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். கெட்டிமேளத்தில் குறை என்று எழுதவில்லை. நான்கு நிமிடத்தை வெட்டியதும் கெட்டிமேளம் 48-ஆவது நிமிடத்துக்கு நகர்ந்துவிட்டது, உங்கள் கீஃப்ரேம்கள் 52-லேயே நிற்கின்றன. அங்கே இப்போது வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆடியோ டிராக்கின் உயரத்தை இழுத்துப் பெரிதாக்குங்கள். இடப்பக்கம் கீஃப்ரேம் காட்டும் சின்ன பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கிளிப் கீஃப்ரேம், டிராக் கீஃப்ரேம் என்று இரண்டு தேர்வுகள் வரும். டிராக் கீஃப்ரேமில் வால்யூமைத் தேர்ந்தெடுங்கள். கிளிப்புகளின் வெட்டுகளைக் கண்டுகொள்ளாமல் டிராக்கின் குறுக்கே ஒரு கோடு ஓடுவது தெரியும். அதுதான் உங்கள் கை நகர்ந்த தடம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பிரீமியர் தானாகப் பிரதி எடுத்துவைக்கும் ஆட்டோ சேவ் ஃபோல்டரைத் திறந்து, வெட்டுவதற்கு முந்தைய பிரதியைக் கண்டுபிடியுங்கள். அதில் மிக்ஸ் செய்த சீக்வென்ஸை (டைம்லைனில் அடுக்கிய தொகுப்பை) தொடவே வேண்டாம். புதிதாக ஒரு சீக்வென்ஸ் திறந்து, பழைய சீக்வென்ஸை முழுதாக ஒரே கிளிப் போல அதற்குள் இழுத்துப் போடுங்கள். நான்கு நிமிடத்தை இந்தப் புதியதில் வெட்டுங்கள். படமும் மிக்ஸ் செய்த ஒலியும் ஒன்றாகவே நகரும். நாளைக்குப் பெண் வீட்டார் வந்து இன்னும் இரண்டு நிமிடம் எடுக்கச் சொன்னாலும் கவலை இல்லை.

இனிமேல் செய்யும் வேலைகளுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். வெட்டும் வேலை முழுதாக முடிந்து, வீட்டார் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் டிராக் மிக்ஸரைத் தொடுவேன். அதற்கு முன்னால் ஒலியைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்றால் ஆடியோ கிளிப் மிக்ஸர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பார்க்க டிராக் மிக்ஸர் போலவே இருக்கும். அதில் உள்ள வைர வடிவக் கீஃப்ரேம் பொத்தானை அழுத்திவிட்டு, ஓடவிட்டு, ஃபேடரை நகர்த்தினால் கிளிப்பின் மேல் எழுதும். கிளிப்பை எங்கே தூக்கிப் போட்டாலும் கூடவே வரும்.

இன்னொன்று, இரண்டு இடத்திலும் எழுதினால் இரண்டும் கூடும். கிளிப்பில் 6 டெசிபலும் டிராக்கில் 6 டெசிபலும் குறைத்திருந்தால் வெளியே கேட்பது 12 டெசிபல் குறைவாக இருக்கும். சத்தம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று குழம்பினால் இரண்டு கோடுகளையும் பாருங்கள்.

கோவை கல்லூரி மாணவர்: *ரீட், டச், லாட்ச், ரைட் என்று நான்கு இருக்கின்றன. எதில் வைத்தாலும் ஃபேடர் நான் சொன்னபடி கேட்பதில்லை. கையை எடுத்தால் தானாக மேலே போய்விடுகிறது. எதை எங்கே பயன்படுத்துவது அண்ணா?*

தம்பி, இந்தப் பெயர்கள் ஒலிப்பதிவு ஸ்டூடியோக்களின் பெரிய மிக்ஸிங் கன்சோல்களிலிருந்து வந்தவை. 1970-களின் பிற்பகுதியில் நீவ் நிறுவனம் நெகாம் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. ஒலிப்பதிவாளர் ஒருமுறை ஃபேடரை நகர்த்திக் காட்டினால், அடுத்த முறை பாட்டு ஓடும்போது மோட்டார் அதே ஃபேடரை அதேபோல நகர்த்தும். விரல் வைத்தால் பதிவு, எடுத்தால் பழைய இடம் என்பதெல்லாம் அந்த உலகத்துப் பழக்கங்கள். உங்கள் மவுஸ்தான் இப்போது அந்த விரல்.

ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். மணவறையில் சாஸ்திரிகள் மாங்கல்ய தாரண மந்திரத்தைச் சொல்கிறார். அவர் குரல் மெல்லியது, கூட்டத்தின் பேச்சு வேறு. அதனால் டிராக்கை 0-வில் வைத்திருக்கிறீர்கள். அவர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்கிறார். தவில் இரண்டும் வெடிக்கின்றன. வலந்தலையில் விரல் கூடு போட்ட அடி, இடந்தலையில் குச்சி. அந்த நொடியில் மீட்டர் சிவப்பைத் தொடும். நீங்கள் 6 டெசிபல் இறக்குகிறீர்கள். தவில் ஒரு நிமிடம் ஓடப்போகிறது.

டச்சில் வைத்திருந்தால், மவுஸை விட்டதும் ஃபேடர் பழைய 0-வுக்கே ஏறிவிடும். தவில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு நடந்தது இதுதான். இந்த இடத்துக்கு லாட்ச்தான் சரி. லாட்ச்சில் நீங்கள் தொடும் வரை பதிவு தொடங்காது. தொட்டு, இறக்கி, கையை எடுத்தால் இறக்கிய இடத்திலேயே நிற்கும். தவில் ஓய்ந்ததும் நீங்களே ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

அப்படியானால் டச் எதற்கு? சின்னத் திருத்தங்களுக்கு. முழு மிக்ஸும் நன்றாக இருக்கிறது, ஒரே இடத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. அந்த ஒரு நொடியை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் பழைய மிக்ஸோடு தானாகவே சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு டச் மாதிரி எதுவும் இல்லை. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் ஆடியோ. ஆட்டோமேட்ச் டைம் என்று முதல் வரிகளிலேயே இருக்கும். வழக்கமாக ஒரு நொடி இருக்கும். பேச்சுக்கு அதுவே போதும். வீணை, வயலின் மாதிரி நீண்ட நாதம் உள்ள இடங்களில் நான் 2 நொடி வைப்பேன். ஒரு நொடியில் ஏறினால் யாரோ வால்யூமைத் திருகியது காதில் தெரிகிறது.

ரைட்டில் வைக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். ப்ளே அழுத்திய நொடியே எழுதத் தொடங்கிவிடும். நீங்கள் ஃபேடரைத் தொடாவிட்டாலும், இப்போது அது நிற்கும் அளவை வைத்துப் பழையதை அழித்துக்கொண்டே போகும். முதல் தடவை மொத்தமாக மிக்ஸ் செய்யும்போது மட்டும் பயன்படுத்துங்கள். மிக்ஸர் பேனலின் மெனுவில், எழுதி முடித்ததும் டச்சுக்கு மாறிக்கொள்ளும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்துவைத்தால் அடுத்த ப்ளேயில் எல்லாம் அழிந்துபோகும் ஆபத்து இல்லை.

வேலை முடிந்ததும் எல்லா டிராக்கையும் ரீடில் வையுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ரீடில் இருக்கும்போது, கீஃப்ரேம் எதுவும் எழுதாத டிராக்கின் ஃபேடரை நகர்த்தினால் அந்த டிராக் முழுவதுக்கும் ஒரே சீராக அளவு மாறும். இதுவும் பயனுள்ளதுதான். ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் மாற்றியதாக நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

அதே மாணவர்: *ஒரு நிமிடம் ஃபேடர் நகர்த்தினால் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழுகின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பக்கத்தில் இருப்பது தடுக்கிறது. குறைக்க வழி உண்டா?*

உண்டு. அதே ஆடியோ பிரிஃபரன்ஸஸில் ஆட்டோமேஷன் கீஃப்ரேம் ஆப்டிமைசேஷன் என்ற பகுதியில் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன.

முதலாவது லீனியர் கீஃப்ரேம் தின்னிங். 0-விலிருந்து −12 டெசிபலுக்கு ஒரே சீராக இறங்கினால் ஆரம்பத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி போதும். நேர்கோட்டின் நடுவில் இருக்கும் புள்ளிகளால் எந்தப் பயனும் இல்லை. அவற்றை இது எழுதாமல் விட்டுவிடும். இதை எப்போதும் டிக் செய்தே வைத்திருங்கள்.

இரண்டாவது மினிமம் டைம் இன்டர்வல் தின்னிங். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு இடைவெளி என்று மில்லி நொடியில் கேட்கும். 1 முதல் 2000 வரை கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லி நொடி என்றால் கை அசைந்துகொண்டே இருக்கும் ஒரு நிமிடத்தில் 3000 புள்ளிகள் வரை விழலாம். 500 என்றால் 120-க்கு மேல் போகாது. நம் ஊரில் நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்து எடுப்பவர்களுக்கு ஒரு ஃப்ரேமே 40 மில்லி நொடி. 20 வைப்பது ஒரு ஃப்ரேமைவிட நுணுக்கமாக எழுதச் சொல்வது, கல்யாண வீடியோவுக்கு அது வேண்டியதே இல்லை. பேச்சுக்கும் பின்னணி இசைக்கும் நான் 300 வைக்கிறேன். தவில் தனி ஆவர்த்தனம் வந்தால் 100-க்கு இறக்கிவிடுவேன், ஏனென்றால் அங்கே சத்தம் ஏறி இறங்குவது வேகமாக நடக்கும்.

இந்த அமைப்பு இனிமேல் எழுதப்போவதற்கு மட்டும்தான். ஏற்கெனவே விழுந்த புள்ளிகளைக் குறைக்காது. ஆகவே மிக்ஸைத் தொடங்கும் முன்பே வைத்துவிடுங்கள்.

திருநெல்வேலி வாசகி: *யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். நான் பேசும்போது இசை தானாகக் குறையும் வசதியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் இசை மூச்சு வாங்குவது போல ஏறி ஏறி இறங்குகிறது. தாளிக்கும் சத்தத்துக்குக்கூடக் குறைகிறது. என் மகள் கிண்டல் செய்கிறாள்.*

அம்மா, உங்கள் காது சரியாகவே சொல்கிறது. மகள் சொல்வதும் நியாயம்.

இதற்கு டக்கிங் என்று பெயர். எசென்ஷியல் சவுண்ட் பேனலில் எது பேச்சு, எது இசை, எது மற்ற ஒலி என்று ஒவ்வொரு கிளிப்புக்கும் நீங்கள் அடையாளம் கொடுக்கிறீர்கள். பேச்சு வரும் இடத்தில் இசையை இறக்கு என்று சொன்னால், மென்பொருள் பேச்சுக் கிளிப்புகளைக் கேட்டுப் பார்த்து இசையின் மேல் கீஃப்ரேம்களை எழுதும். அது கேட்பது அடையாளத்தை வைத்துத்தான். உங்கள் வீடியோவில் நீங்கள் பேசுவதும் கடுகு வெடிப்பதும் ஒரே கிளிப்பில் இருக்கின்றன, அந்தக் கிளிப்புக்குப் பேச்சு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் கடுகு வெடித்தாலும் நீங்கள் பேசுவதாகவே அது எடுத்துக்கொள்கிறது.

ஆகவே கிளிப்பை வெட்டுங்கள். எண்ணெய் காய்ந்து, கடுகும் உளுந்தும் போட்டு, கறிவேப்பிலை சடசடக்கும் அந்த ஏழெட்டு நொடியைத் தனியாகப் பிரித்து, பேச்சு என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு எஸ்எஃப்எக்ஸ் (மற்ற ஒலி) என்று கொடுங்கள். என்னைக் கேட்டால் அந்த இடத்தில் இசையே வேண்டாம். தாளிக்கும் சத்தம் கேட்டால்தான் பார்ப்பவருக்கு வாசனை வரும். அதன் மேல் புல்லாங்குழலைப் போடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு. நீங்கள் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒரு நொடி நிறுத்துகிறீர்கள். அந்த ஒரு நொடியில் இசை ஏறி, உடனே இறங்குகிறது. ஃபேட்ஸ் என்ற அளவைக் கூட்டுங்கள். 800 மில்லி நொடிக்கு மேலே கொண்டுபோனால் ஏற்ற இறக்கம் மெதுவாகும். டக் அமவுண்ட் எவ்வளவு இறக்க வேண்டும் என்பது. இதை அதிகம் வைத்தால் ஏறும்போது பள்ளத்திலிருந்து வருவது போலத் தெரியும். முதலிலேயே இசையை நீங்கள் சின்னதாக வைத்துக்கொண்டு, டக்கிங்கை 8 அல்லது 10 டெசிபலோடு நிறுத்துங்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் மெல்லிய சத்தங்களுக்கெல்லாம் துள்ளாது.

நீங்கள் பயன்படுத்தும் பதிப்பில் ஜெனரேட் கீஃப்ரேம்ஸ் பொத்தான் இருந்தால், கிளிப்பை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி அழுத்த வேண்டும். அப்புறம், கடைசியாக ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டு, உறுத்தும் இடங்களில் கீஃப்ரேமைக் கையால் நகர்த்திவிடுங்கள். பத்து நிமிட வீடியோவுக்கு இதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

யாழ்ப்பாண வாசகர்: *அண்ணை, நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் எடுத்து வச்சிருக்கிறன். வீடியோ எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கிலதான் இருக்கு. ஆனா லேப்டாப்பின்ர சி டிரைவ் 256 ஜிபியும் நிரம்பிப் போச்சு. ஒண்டுமே அதில நான் போடேல்லை. என்னத்தை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது எண்டு சொல்லுங்கோ.*

நீங்கள் போடவில்லை, பிரீமியர் போட்டிருக்கிறது. கேமராவும் போனும் ஒலியைச் சுருக்கித்தான் பதிகின்றன. சுருக்கிய ஒலியை வைத்து டைம்லைனில் வேகமாக வேலை செய்ய முடியாது என்பதால், நீங்கள் ஒரு கிளிப்பை உள்ளே கொண்டுவந்ததும் பிரீமியர் அதன் ஒலியை முழுதாக விரித்து ஒரு புதிய கோப்பாக எழுதிக்கொள்கிறது. பெயர் சிஎஃப்ஏ என்று முடியும். அலை வடிவம் வரைவதற்காகப் பெக் என்று முடியும் இன்னொன்றையும் எழுதும். இந்த இரண்டும் மீடியா கேஷ் என்ற ஃபோல்டருக்குப் போகின்றன. நீங்கள் மாற்றாதவரை அது சி டிரைவில் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 32 பிட், அதாவது 4 பைட், இடம் வலம் என்று இரண்டு சேனல். நொடிக்கு 3,84,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.38 ஜிபி. உங்களிடம் 75 மணி நேரம் இருக்கிறது. 104 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது கேமராவும் வைத்திருந்தால் 200-ஐத் தாண்டிவிடும். 256 ஜிபியில் விண்டோஸும் மற்றதும் போக மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்?

பிரிஃபரன்ஸஸில் மீடியா கேஷ் பகுதிக்குப் போங்கள். கோப்புகளுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று என இரண்டு பாதைகள் இருக்கும். இரண்டையுமே வேறு வேகமான டிஸ்குக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. சுழலும் பழைய டிஸ்கில் வீடியோவும் கேஷும் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஓடி ஓடி அது திணறும். அதே பக்கத்தில் பழைய கேஷைத் தானாக அழிக்கும் தேர்வு இருக்கிறது. இத்தனை நாள் ஆனால் அழி, அல்லது இவ்வளவு அளவைத் தாண்டினால் அழி என்று வைக்கலாம். உங்களைப் போல ஒரே வேலையை மாதக்கணக்கில் செய்பவர்கள் நாள் கணக்கை 90-லேயே விடலாம்.

எதை அழிக்கலாம் என்று கேட்டீர்கள். மீடியா கேஷில் இருப்பது எல்லாவற்றையும் அழிக்கலாம். பிரீமியரை மூடி, பிராஜெக்ட் எதுவும் திறக்காமல் மறுபடி திறந்து, இதே பக்கத்தில் உள்ள டெலீட் பொத்தானை அழுத்துங்கள். மூல வீடியோ வெளி டிஸ்கில் இருக்கும்வரை அடுத்த முறை எல்லாவற்றையும் அதுவே திரும்ப எழுதிக்கொள்ளும். முதல்முறை திறக்கும்போது நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிவ்யூ கோப்புகளையும் அழிக்கலாம், மறுபடி ரெண்டர் செய்தால் போதும். அழிக்கவே கூடாதவை மூன்று: கேமராவிலிருந்து வந்த மூலம், பிராஜெக்ட் கோப்பு, ஆட்டோ சேவ் ஃபோல்டர்.

அடுத்த வருடத்துக்கு ஒன்று. கோயிலில் ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிகிறீர்கள் என்றால் எம்பி3 வேண்டாம். 48,000-இல் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஏற்கெனவே விரிந்த கோப்பு என்பதால் 48,000 சீக்வென்ஸில் பிரீமியர் அதை மறுபடி விரித்து எழுதாது. நாதஸ்வரத்தின் நயமும் கெடாது.

மதுரை வாசகர்: *ஆட்டோ சேவ் எத்தனை நிமிடத்துக்கு வைக்கலாம்? அடிக்கடி சேவ் ஆனால் வேகம் குறைகிறதே.*

5 நிமிடம் வையுங்கள். பிரதிகள் குறைந்தது 30 இருக்கட்டும். பிராஜெக்ட் கோப்பில் படமும் ஒலியும் இல்லை. எது எங்கே இருக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. அதனால் பிரதிகள் பெரிதாக இடம் பிடிக்காது.

நேரத்தைவிட இடம் முக்கியம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆவணி முகூர்த்தத்தில் ஐந்து கல்யாண வேலை கையில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே டிஸ்கில் வைத்திருந்தேன். ஆட்டோ சேவும் அதே டிஸ்கில், பிராஜெக்டுக்குப் பக்கத்திலேயே. இரவில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. காலையில் டிஸ்க் டக் டக் என்று தட்டியது, திறக்கவே இல்லை. மூல வீடியோவுக்கு வேறு பிரதி இருந்தது, ஆனால் பதினொரு நாள் எடிட்டிங் போய்விட்டது. அதில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, "பரவாயில்லை தம்பி, மெதுவாகச் செய்யுங்கள்" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பிராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க் பக்கத்துக்குப் போய், ஆட்டோ சேவ் பாதையை மட்டும் வேறு டிஸ்குக்கு மாற்றுவதைப் புது பிராஜெக்ட் தொடங்கும்போதே செய்துவிடுகிறேன். இது ஒவ்வொரு பிராஜெக்டுக்கும் தனித்தனி அமைப்பு, ஒருமுறை செய்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடாது. இரவு கடையை மூடும்போது அன்றைய பிராஜெக்ட் கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வதும் உண்டு.

விழுப்புரம் வாசகர்: *ஸ்டூடியோவில் மூன்று பேர் ஒரே கணினியில் வேலை செய்கிறோம். ஒருவர் மாற்றிய அமைப்பு மற்றவரைக் குழப்புகிறது. எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவர முடியுமா?*

பிரீமியரைத் திறக்கும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள், பிரிஃபரன்ஸஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். மேக்கில் ஆப்ஷன் விசை. ஆனால் எல்லாருடைய அமைப்பும் போய்விடும், மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதைவிட, விண்டோஸில் மூன்று பேருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைப்பது நல்லது. பிரிஃபரன்ஸஸ் அவரவர் ஆவணங்கள் ஃபோல்டருக்குள் தனியாக நிற்கும்.

சேலம் வாசகர்: *நான் இலவச டாவின்சி ரிசால்வ் வைத்திருக்கிறேன். இதெல்லாம் அதில் உண்டா?*

உண்டு, ஒலிக்கு நன்றாகவே உண்டு. அதன் ஃபேர்லைட் பக்கம் ஆஸ்திரேலியாவில் 1975-இல் தொடங்கிய ஃபேர்லைட் என்ற நிறுவனத்தின் பரம்பரையில் வந்தது. பிளாக்மேஜிக் அதை 2016-இல் வாங்கி, அடுத்த வருடமே ரிசால்வ் 14-இல் சேர்த்துவிட்டது. ஆட்டோமேஷனை இயக்கினால் லாட்ச், ஸ்னாப் என்று இருக்கும். ஸ்னாப் என்பது பிரீமியரின் டச் போல, கையை எடுத்தால் பழைய அளவுக்குத் திரும்பும்.

கோப்பு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ரிசால்வ் உங்கள் வேலையைத் தனிக் கோப்பாக வைப்பதில்லை, தன் தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. பென் டிரைவில் தேடினால் கிடைக்காது. பிராஜெக்ட் மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தால்தான் கைக்கு ஒரு கோப்பு வரும். லைவ் சேவ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது நீங்கள் தவறாகச் செய்ததையும் உடனே சேமித்துவிடும். பிரிஃபரன்ஸஸில் யூசர் பக்கத்தில் பிராஜெக்ட் பேக்கப்ஸையும் டிக் செய்து, பாதையை வேறு டிஸ்குக்குக் கொடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: *என் அப்பா நாதஸ்வரம் வாசிப்பவர், வயது 74. கோயிலில் அவர் வாசித்த ஒரு மணி நேரத்தை வீடியோவாக்குகிறேன். ஆலாபனை மெல்லத் தொடங்குகிறது, தவில் சேர்ந்ததும் அதிர்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள் நண்பர்கள். லிமிட்டர் போட்டு அமுக்கிவிடவா?*

அமுக்காதீர்கள். யூடியூபில் போடுகிறீர்கள் என்றால் −14 லஃப்ஸ் (ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவைத் தாண்டியதை அதுவே இறக்கிக்கொள்ளும். நசுக்கிச் சத்தத்தைக் கூட்டினால் நயம் போவதுதான் மிச்சம். மெல்லத் தொடங்கிப் பெரிதாவதுதானே ஆலாபனை? சீவாளியில் காற்று முதலில் பிடிக்கும் அந்த மெல்லிய இடத்தைத் தவிலின் அளவுக்குத் தூக்கினால், தவில் வரும்போது கேட்பவருக்கு எதுவும் வராது. உச்சத்தில் உடையாமல் இருக்க, ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை −1 டெசிபலில் காவலுக்கு மட்டும் வையுங்கள். அது எப்போதாவது மட்டும் தொட வேண்டும்.

தவில் சேரும் இடத்தில் 3 டெசிபல் இறக்கலாம், 10 இறக்க வேண்டாம். எந்த நொடியில், எவ்வளவு வேகத்தில் என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும். கணினிக்கு முன்னால் அவரை உட்கார வையுங்கள். நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிவிடுங்கள். கிளிப் மிக்ஸரைத் திறந்து, கீஃப்ரேம் பொத்தானை அழுத்தி, மவுஸை அவர் கையில் கொடுங்கள். எங்கே இறக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவர் காது சொல்லும்போது அவரே நகர்த்தட்டும். முதல் தடவை கை நடுங்கும், அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். மேலே சொன்ன கீஃப்ரேம் இடைவெளியை 300-இல் வைத்திருந்தால் சின்ன நடுக்கங்கள் அவ்வளவாகப் பதிவாகாது.